ஆங்கோர் கே கோல் பார்த்திரே: ஒரு மாட்ரிகலின் வாத்திய வடிவங்கள்

‘ஆங்கோர் கே கோல் பார்த்திரே’ நான்கு குரல்களுக்காகச் சிப்ரியானோ டி ரோரே அமைத்த இத்தாலிய மாட்ரிகல், அதாவது பல குரல்கள் சேர்ந்து பாடும் கவிதைப் பாடல். 1547-இல் வெனிஸ் நகரில் முதன்முதலாக அச்சேறியது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாத்தியக் கலைஞர்கள் தங்கள் கைத்திறனைக் காட்டவும் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட பாடல்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது. இதன் நீண்ட சுரங்களை நுண்ணிய சுரங்களாக உடைத்து எழுதிய வடிவங்கள் ஜிரோலாமோ தல்லா காசா (1584), ஜொவான்னி பஸ்ஸானோ (1591), ரிக்கார்தோ ரொன்யோனோ (1592), ஜொவான்னி பத்தீஸ்தா ஸ்பாதி (1609) ஆகியோரின் நூல்களில் உள்ளன. பாடகர்களுக்காக ஜொவான்னி பத்தீஸ்தா பொவிசெல்லி 1594-இல் வெளியிட்ட நூலிலும் இந்தப் பாடல் இருக்கிறது. இவ்வகை அலங்காரத்தை இத்தாலியர் திமினூட்சியோனே என்றும் பஸ்ஸாஜ்ஜி என்றும் அழைத்தனர். ஸ்பானியர் குளோஸா என்றனர்.

மறுமலர்ச்சிக் காலத்தில் வாத்திய வேறுபாடுகள் வேறு வகையிலும் இருந்தன. ரோமனெஸ்கா, பஸ்ஸமெட்ஸோ போன்ற குறுகிய தாழ்குரல் அமைப்பு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் புதுப்புது மெட்டுகளை நெய்வது ஒன்று. மாட்ரிகலை அடிப்படையாகக் கொண்ட வகை அதிலிருந்து வேறு. இங்கே பாடல் முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை ஒரே ஒரு முறை கடந்து செல்கிறது. இசையமைப்பாளர் பின்னிய நான்கு குரல் கட்டமைப்பு அப்படியே நிற்கிறது. அதில் ஒரு குரல் மட்டும் விரிவு பெறுகிறது. கர்நாடக இசையில் ஒரே அடியைப் பல முறை பாடி, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடச் செறிவான சங்கதியைப் போடுவதைக் கேட்டுப் பழகியவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். திமினூட்சியோனேயில் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. எளிய வடிவத்தைக் கேட்பவர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் கலைஞர் வாசிக்கத் தொடங்குகிறார். பாடல் ஊரறிந்ததாக இருந்தால்தான் இந்தக் கலைக்குப் பொருள் உண்டு.

பாடலும் அதன் ஆசிரியர்களும்

ரோரே 1515 அல்லது 1516-இல் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ரோன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 1546 முதல் ஃபெராரா நகரில் இரண்டாம் எர்கோலே தெஸ்தே பிரபுவின் இசைக்குழுத் தலைவராக இருந்தார். 1563-இல் வெனிஸின் புனித மாற்கு பேராலயத்தில் அட்ரியான் வில்லார்ட் வகித்த பதவிக்கு வந்து, அடுத்த ஆண்டே அதை விட்டுப் பார்மா நகருக்குத் திரும்பி, 1565-இல் அங்கேயே இறந்தார். சொல்லின் உணர்ச்சிக்கு இசை பணிந்து போக வேண்டும் என்ற புதிய போக்குக்கு முதல்வர் இவரே என்று கிளாவ்தியோ மொந்தேவெர்தியின் தம்பி ஜூலியோ செசாரே 1607-இல் எழுதினார்.

பாடலின் சொற்கள் வாஸ்தோ மார்க்கிஸ் அல்ஃபோன்ஸோ தாவாலோஸ் (1502–1546) எழுதியவை என்று கொள்ளப்படுகின்றன. அவர் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைத்தலைவர், மிலான் நகர ஆளுநர். ஓவியர் திஸியானோ அவரைக் கவச உடையில் வரைந்திருக்கிறார். கவிதை மிகச் சிறியது. பிரியும்போது உயிர் போவதுபோல் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கணமும் பிரிந்துகொண்டே இருக்க விரும்புகிறேன். ஏனெனில் திரும்பி வரும்போது கிடைக்கும் இன்பம் அவ்வளவு பெரிது. ஆகவே ஒரு நாளைக்கு ஆயிரமாயிரம் முறை உன்னைப் பிரிவேன் என்று காதலன் சொல்கிறான். சொற்களுக்கு அடியில் உடலின்பத்தின் குறிப்பு ஓடுவதை அக்கால வாசகர்கள் நன்கு அறிந்தே சுவைத்தார்கள்.

ரோரே இதற்குத் தந்த இசை அடக்கமானது. மி சுரத்தை நிலையாகக் கொண்ட ஃப்ரிஜிய முறையின் ஏக்கம் அதில் உண்டு. ஆயினும் அவருடைய பிற்கால மாட்ரிகல்களில் வரும் துணிச்சலான சுரத்தாவல்கள் இதில் இல்லை. தொடக்கத்தில் குரல்கள் மெதுவாக நகர்கின்றன. ஆயிரமாயிரம் முறை என்ற இடம் வந்ததும் அசைவு விரைவாகிறது, குரல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. திரும்பி வருவதைப் பேசும் கடைசி அடிகள் இன்னொரு முறை பாடப்படுகின்றன. இத்தனை எளிமைதான் வாத்தியக்காரர்களை ஈர்த்தது என்று நினைக்கிறேன். நீண்ட சுரங்கள் இருக்கும் இடத்தில்தான் உடைப்பதற்கு இடம் இருக்கும். மேற்குரல் பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களில் நடப்பதால் எந்தச் சூத்திரத்தையும் அதில் பொருத்திப் பார்க்கலாம். கவிதையும் இசையும் ஏற்கெனவே நிரம்பி வழியும் பாடலில் அலங்காரம் ஏற்றினால் மூச்சு முட்டும், இதில் முட்டவில்லை.

முதல் அச்சு ரோரேயின் பெயரிலான தொகுப்பில் வரவில்லை. பெரிஸ்ஸோனே காம்பியோ என்ற பாடகர் வெளியிட்ட நான்கு குரல் மாட்ரிகல்களின் முதல் நூலில் வந்தது. ரோரேயின் சொந்த நான்கு குரல் தொகுப்பு ஃபெராராவில் 1550-இல் வெளியாயிற்று. அதற்குப் பின் வந்த மறுபதிப்புகளும், லூட்டுக்கும் ஆர்கனுக்கும் மாற்றி எழுதிய வடிவங்களும் மிகப் பல. ஃபிலிப் டி மோந்தே இதன் இசையை வைத்து ஒரு திருப்பலி இசையையே அமைத்தார். ஒராட்சியோ வெக்கி 1597-இல் அச்சிட்ட ‘லாம்ஃபிபர்னாஸோ’ என்ற இசை நகைச்சுவையில், டாக்டர் கிராத்சியானோ என்ற வேடிக்கைப் பாத்திரம் இந்தப் பாடலின் சொற்களைச் சிதைத்துப் பாடுகிறது. சிதைத்தாலும் கேட்பவர் மூலத்தைக் கண்டுபிடித்துச் சிரிப்பார் என்பது அன்றைய புகழுக்கு நல்ல சான்று.

உடைக்கும் முறை

அடிப்படைக் கருத்தை நம் சுரப்பெயர்களாலேயே விளக்கலாம். மூலத்தில் நீண்ட ச ஒன்றும், அடுத்து ரி-யும் இருப்பதாகக் கொள்வோம். ச ஒலிக்க வேண்டிய நேரத்துக்குள் ச-நி-ரி-ச என்று நான்கு சுரங்களை வாசித்துவிட்டு ரி-க்குப் போகலாம். அலங்காரம் ச-வில் தொடங்கிச் ச-விலேயே முடிந்ததால் மற்றக் குரல்களோடு மோதல் வராது. ச-ரி-ம-க என்று வாசித்து மேலிருந்து ரி-யில் இறங்கவும் செய்யலாம். இது ஓட்டமாக இருக்கும். ஆனால் கடைசி நேரத்தில் கை மூலச் சுரத்தில் இல்லாததால் மற்றக் குரல்களை அறிந்தவரே இதைத் துணிவார்.

ஸ்பெயினின் தொலேதோ நகரத்தவரான தியேகோ ஓர்த்திஸ், 1553-இல் ரோம் நகரில் ஸ்பானிய, இத்தாலிய மொழிகள் இரண்டிலும் வெளியிட்ட ‘குளோஸா’ நூலில் இந்த இரண்டு வழிகளையும் விளக்கி, முதல் வழியையே குறையற்றது என்கிறார். இரண்டாவதற்கு அழகு கூடுதல் என்று ஒப்புக்கொள்கிறார். மூன்றாவதாக, எழுதிய குரலைக் கவனியாமல் காதுக்குத் தோன்றியபடி வாசிக்கும் வழக்கம் ஒன்று உண்டு, அதைக் கண்டிக்கிறார். பிரிந்து போய்த் திரும்பி வருவதைப் பாடும் கவிதை, சுரத்தைப் பிரிந்து சுரத்துக்கே திரும்பும் ஒரு கலைக்கு இவ்வளவு பொருத்தமான களமாக அமைந்ததைத் தற்செயல் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அருமையான தற்செயல்.

மாணவர் படிக்க வேண்டிய வரிசை எல்லா நூல்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஏறுதல், இறங்குதல், மூன்றாம் சுரத்துக்குத் தாவுதல், நான்காம், ஐந்தாம் சுரங்களுக்குத் தாவுதல் என ஒவ்வொரு நகர்வுக்கும் பத்துப் பதினைந்து சூத்திரங்கள் கொடுக்கப்படும். அவற்றைக் கைவிரல் மறக்காத அளவு சாதகம் செய்ய வேண்டும். பிறகு முடிப்புகள். வாக்கியம் முடியும் இடத்தில் மேற்குரல் கடைசிக்கு முந்திய சுரத்தில் சற்றுத் தங்கும். அலங்காரத்துக்கு அதுவே முதன்மையான இடம். இரண்டு சுரங்களுக்கிடையே விரைந்து ஊசலாடிச் சுழன்று முடியும் குரோப்போ என்ற உருவம் அங்கே வரும். இவை இரண்டும் கைவந்தபின் முழு மாட்ரிகலை எடுப்பார்கள். ‘ஆங்கோர் கே கோல் பார்த்திரே’ நூல்களில் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருகிறது.

இன்று நாம் மறந்துவிடும் ஒரு நடைமுறைச் சிக்கல் அக்காலத்தில் இருந்தது. மாட்ரிகல்கள் குரலுக்கு ஒரு புத்தகமாகத் தனித்தனியே அச்சாயின. மேற்குரல் வாசிப்பவர் கையில் மேற்குரல் மட்டுமே இருக்கும்; மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. நினைவிலும் காதிலும்தான் அதை வைத்திருக்க வேண்டும். 1577-இல் ஆஞ்செலோ கர்தானோ, ரோரேயின் நான்கு குரல் மாட்ரிகல்கள் அனைத்தையும் நான்கு குரல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும்படி அச்சிட்டார். எல்லாக் குரல்களையும் தாங்கும் வாத்தியங்களுக்கென்று தலைப்பிலேயே குறிப்பிட்ட அந்தப் பதிப்பு, இவ்வகையில் அச்சான தொடக்க கால நூல்களில் ஒன்று. தல்லா காசாவின் நூல் அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து அதே அச்சகத்திலிருந்து வந்தது.

நூல்களின் வரிசை

இத்துறையின் முதல் அச்சு நூல் சில்வெஸ்திரோ கனாஸ்ஸி ரெக்கார்டருக்காக எழுதி 1535-இல் வெனிஸில் வெளியிட்ட ‘ஃபோந்தெகாரா’. பின்னால் வந்த எவரும் தொடாத சிக்கலை அது தொட்டிருக்கிறது. ஒரு சுரத்தின் காலத்தை நான்காகப் பிரிப்பது மட்டுமல்ல, ஐந்தாகவும் ஆறாகவும் ஏழாகவும் பிரித்துப் பழகச் சொல்கிறது. வாத்தியக்காரர் மனிதக் குரலையே குருவாகக் கொள்ள வேண்டும் என்பது கனாஸ்ஸியின் உறுதியான கொள்கை.

மாட்ரிகலை எப்படி வாத்தியத்தில் நிகழ்த்துவது என்பதை வெளிப்படையாகச் சொன்னவர் ஓர்த்திஸ். ஜாக் ஆர்க்கடெல்ட்டின் ‘ஓ ஃபெலீச்சி ஓக்கி மியேய்’ என்ற மாட்ரிகலை எடுத்து, அதன்மேல் ரெசர்காதா என்ற வாத்திய வடிவங்கள் நான்கை எழுதிக் காட்டுகிறார். ஹார்ப்சிகார்டு நான்கு குரல்களையும் வாசிக்கும். வில்லால் வாசிக்கும் வயோலா ட காம்பா ஒரு வடிவத்தில் தாழ்குரலை அலங்கரிக்கும். இன்னொன்றில் மேற்குரலை அலங்கரிக்கும். மேற்குரலை வயோலா எடுத்துக்கொள்ளும்போது ஹார்ப்சிகார்டுக்காரர் அந்தக் குரலை விட்டுவிடுவது அழகு என்று சொல்கிறார். கடைசி வடிவம் வியப்பானது. ஆர்க்கடெல்ட் எழுதாத ஐந்தாம் குரல் ஒன்றை வயோலா புதிதாகப் படைக்கிறது. இதற்கு இசையமைக்கும் திறனே வேண்டும் என்று ஓர்த்திஸ் எச்சரிக்கிறார். அவருடைய அலங்காரங்கள் அடக்கமும் பாடும் தன்மையும் உடையவை. இவ்வகையை முதன்முதலாகக் கேட்பவருக்கு ஓர்த்திஸைவிட நல்ல வாசல் இல்லை.

சோலோஃப்ரா ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஜொவான்னி கமில்லோ மாஃபெய் 1562-இல் அச்சிட்ட கடிதம் பாடகர்களுக்கானது. ஆயினும் வாத்தியக்காரருக்கும் பொருந்தும் விதிகள் அதில் உண்டு. அலங்காரத்தைப் பெரும்பாலும் முடிப்பில் வை, ஒரு பாடலில் நான்கைந்து இடங்களுக்குமேல் வேண்டாம், ஒருவர் ஓடும்போது மற்றவர் ஓடாதே என்கிறார். உ என்ற உயிரில் ஓட்டம் போட்டால் ஓநாய் ஊளையிடுவதுபோல் இருக்கும் என்றும், இ என்றால் வழி தவறிய சிறு விலங்கு அழுவதுபோல் இருக்கும் என்றும் எழுதுகிறார். இருபது ஆண்டுகள் கழித்து வெனிஸில் எழுந்த நூல்கள் அவருடைய அளவைக் காற்றில் பறக்கவிட்டன.

ஒரே பாடல், பல கைகள்

ஜிரோலாமோ தல்லா காசா ஊதினே நகரத்தவர். 1568-இல் புனித மாற்கு பேராலயம் அவரையும் அவருடைய இரு சகோதரர்களையும் நிலையான வாத்தியக் குழுவாக நியமித்தது. ரோரே அங்கிருந்து சென்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. தல்லா காசாவின் வாத்தியம் கார்னெட்டோ: வளைந்த மரக்குழல், மேலே தோல் உறை, விரல்துளைகள், கொம்பு வாத்தியங்களுக்கு உள்ளதுபோன்ற சிறு கிண்ண ஊதுவாய். மனிதக் குரலை இதைவிட நெருங்கிப் பின்பற்றும் ஊது வாத்தியம் இல்லை என்று அவர் எழுதினார். இன்று நல்ல கார்னெட்டோ இசையைக் கேட்கும் எவரும் அதை மறுக்க மாட்டார்.

அவருடைய ‘இல் வேரோ மோதோ தி திமினுயிர்’ இரண்டு பாகங்களாக 1584-இல் வந்தது. ஓர் அடிக்கு எட்டுச் சுரம், பதினாறு சுரம் என்று பழகியவர்களை இருபத்து நான்குக்கும் முப்பத்து இரண்டுக்கும் அவர் கொண்டு செல்கிறார். கார்னெட்டோவில் இந்த வேகத்தில் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் நாக்கின் அசைவு மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். அதனால் நாக்கசைவுகளைப் பற்றியும் விளக்குகிறார். கடுமையான அசைவைத் தவிர்த்து, ‘லெரெ’ போன்ற மென்மையான அசைகளை விரும்புகிறார். ரோரேயின் இசை நூல் முழுவதும் நிறைந்திருக்கிறது. ஆனால் தல்லா காசாவின் வாசிப்பு சீராக ஓடுவதில்லை. பல மாத்திரைகள் மூலத்தை ஏறத்தாழ அப்படியே விட்டுவிட்டு, திடீரென்று ஒரு முடிப்பில் சுரங்களைக் கொட்டுகிறார். காகிதத்தில் பார்த்தால் இது சமநிலை கெட்டதாகத் தோன்றும். கேட்கும்போது வேறு: நீண்ட அமைதியில் மாட்ரிகலின் மெட்டு மனத்தில் ஊன்றிவிடுகிறது, பிறகு வரும் வெடிப்பு அதைக் கலைப்பதில்லை. ஆனாலும் அவருடைய ஓட்டங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜொவான்னி பஸ்ஸானோ அதே குழுவின் இளையவர். 1601-இல் தல்லா காசா இறந்தபின் குழுத்தலைவர் ஆனவர், 1617-இல் இறந்தார். 1585-இல் பயிற்சி நூல் ஒன்றையும், 1591-இல் மோட்டெட் என்ற லத்தீன் வழிபாட்டுப் பாடல், மாட்ரிகல், பிரெஞ்சுப் பாடல் ஆகியவற்றின் அலங்கார வடிவங்கள் அடங்கிய தொகுப்பையும் வெளியிட்டார். பின்னதில் ‘ஆங்கோர் கே கோல் பார்த்திரே’ இருக்கிறது. எல்லா வாத்தியங்களுக்கும், தனிக்குரலுக்கும் உரியது என்று தலைப்பே சொல்கிறது. அந்தத் தொகுப்பின் எஞ்சிய அச்சுப் பிரதி இரண்டாம் உலகப் போரில் ஹாம்பர்க்கில் அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃப்ரீட்ரிஷ் கிரைசாண்டர் கைப்பட எடுத்து வைத்த நகலால்தான் இன்று அந்த இசை நம்மிடம் இருக்கிறது.

இந்த மாட்ரிகலின் அலங்கார வடிவங்களில் எனக்குச் சிறந்ததாகப் படுவது பஸ்ஸானோவுடையது. தல்லா காசா மூலத்துக்கும் வெடிப்புக்கும் இடையே தாவுகிறார். பஸ்ஸானோ மூலத்திலிருந்து வளர்கிறார். ஒரு சிறு உருவத்தை எடுத்து, அதை ஒரு படி மேலே, மீண்டும் ஒரு படி மேலே என்று நகர்த்தி, வாக்கியத்தின் உச்சிக்குக் கொண்டு செல்கிறார். ரோரே குரலை எங்கே மூச்சு விடவைத்தாரோ அங்கே இவரும் மூச்சு விடுகிறார். சொற்கள் இல்லாத வாத்தியத்தில் சொற்களின் நிறுத்தங்கள் காப்பாற்றப்படுகின்றன. புனித மாற்கு பேராலயத்தின் பள்ளியில் இவர் பாட்டும் கற்பித்தவர் என்பது இந்த இடத்தில் பொருள் உள்ள செய்தி.

ரிக்கார்தோ ரொன்யோனோ மிலானில் வாழ்ந்தவர்; தலெஜ்ஜோ பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்று தம் நூலின் முகப்பிலேயே குறித்துக்கொண்டவர். 1592-இல் அவர் வெளியிட்ட ‘பஸ்ஸாஜ்ஜி’ இந்தப் பாடலை ஒரு வடிவத்தோடு விடவில்லை. மேற்குரலுக்கு ஒன்று, வயோலா பாஸ்தார்தாவுக்கு (அதைப் பற்றிப் பின்னால்) ஒன்று என்று பல வடிவங்களை அடுக்குகிறது. ஒரே கலைஞர் ஒரே பாடலை வெவ்வேறு வாத்தியக் கண்களால் பார்ப்பதை இங்கே கூர்ந்து படிக்கலாம்.

பொவிசெல்லி அசிசி நகரத்தவர், மிலான் பேராலயப் பாடகர். மூலச் சுரத்தில் நேரடியாகத் தொடங்காமல் அதற்கு மூன்றாம் அல்லது நான்காம் சுரம் கீழே தொடங்கி ஏறி வருவது அவருக்குப் பிடித்தமான பாணி. சீராக ஓடும் சுரங்களை ஒன்று நெடில், ஒன்று குறில் என்று தள்ளாடவிடுவதும் அவர் வழக்கம். ரோரேயின் இசையை அவர் இரண்டு உருவங்களில் தருகிறார்: காதல் சொற்களோடு ஒரு முறை, கிறிஸ்து பிறப்பை இடையர்களுக்கு வானதூதர் அறிவிக்கும் லத்தீன் சொற்களோடு இன்னொரு முறை. கத்தோலிக்கத் திருச்சபைச் சீர்திருத்தத்தில் உறுதியாக நின்ற மிலானில், உலகியல் பாடலின் இசை கோயிலுக்குள் போக இப்படி ஒரு வழி இருந்தது.

வயோலா பாஸ்தார்தா

மேலே சொன்னவை பெரும்பாலும் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு நடப்பவை. வயோலா பாஸ்தார்தா பாணி அந்தக் கட்டையும் அவிழ்த்தது. தாழ்குரல் வயோலாவைவிடச் சற்றுச் சிறிய உடலுடைய இந்த வாத்தியத்தின் கலைஞர், மாட்ரிகலின் நான்கு குரல்களிலும் தடையின்றி உலவுவார். தாழ்குரலில் தொடங்கி, ஒரே ஓட்டத்தில் டெனாரைக் கடந்து மேற்குரலைத் தொட்டு, அங்கே ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, மீண்டும் அடியாழத்துக்கு இறங்குவார். இடையிடையே எந்தக் குரலுக்கும் சொந்தமில்லாத பாதையிலும் போவார். பின்னணியில் லூட்டோ ஹார்ப்சிகார்டோ மாட்ரிகலை எளிமையாக வாசித்துக்கொண்டிருக்கும். தல்லா காசாவின் நூலிலேயே இந்தப் பாணிக்கான ‘ஆங்கோர் கே கோல் பார்த்திரே’ வந்துவிட்டது.

ரிக்கார்தோவின் மகன் ஃபிரான்செஸ்கோ ரொன்யோனி 1620-இல் மிலானில் வெளியிட்ட ‘செல்வா தெ வாரி பஸ்ஸாஜ்ஜி’ என்ற பெரிய தொகுப்பில், அலங்கார வாசிப்பில் வயோலா பாஸ்தார்தாவே மற்ற வாத்தியங்களுக்கு அரசி என்றார். வில்லை எங்கே தூக்காமல் பல சுரங்களை இழுக்க வேண்டும் என்று குறிகாட்டியதும் அந்த நூலின் சிறப்பு. பாலெஸ்த்ரீனாவின் ‘வெஸ்தீவா இ கோல்லி’ (1566) அதில் பாஸ்தார்தா வடிவம் பெற்றது. பார்மாவின் ஒராட்சியோ பஸ்ஸானி இந்த வாத்தியத்தில் புகழ் பெற்றவர். அவருடைய மாணவர் வின்சென்சோ பொனிட்ஸியின் தொகுப்பு 1626-இல் வெனிஸில் வந்தது. அதில் இந்தப் பாணி அதன் எல்லையைத் தொடுகிறது. மாட்ரிகல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் தேட வேண்டியிருக்கும் அளவுக்குச் சுரங்கள் விரைகின்றன. கைத்திறனுக்கு வணக்கம் செலுத்தலாம். ஆனால் ரோரேயின் காதலன் அங்கே காணாமல் போய்விடுகிறான்.

விசைப்பலகை வாத்தியங்களில் நிலை வேறு. பத்து விரல்களும் எல்லாக் குரல்களையும் தாங்குவதால் அலங்காரம் ஒரு குரலிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆந்திரேயா காப்ரியேலியின் ‘ஆங்கோர் கே கோல் பார்த்திரே’ அவர் இறந்தபின் 1596-இல் அச்சான தொகுப்பில் இருக்கிறது. ஆர்க்கடெல்ட்டின் ‘ஆஞ்சிதெதேமி பூர்’ என்ற மாட்ரிகலை ஜொவான்னி மரியா திரபாச்சி 1615-இல் ஹார்ப்புக்காகவும், ஜிரோலாமோ ஃபிரெஸ்கோபால்தி 1627-இல் விசைப்பலகைக்காகவும் விரித்து எழுதினர். ஃபிரெஸ்கோபால்தியின் கையில் அது, கட்டற்று ஓடும் விசைப்பலகை வடிவமான தொக்காத்தா போலவே பேசுகிறது.

எதிர்ப்பும் மறைவும்

எல்லோரும் இந்தக் கலையை வரவேற்கவில்லை. ஃபுளோரென்ஸின் பாடகர் ஜூலியோ காச்சினி, 1602-இல் வெளியான ‘லெ நுவோவே மூசிகே’ நூலின் முன்னுரையில் கடுமையாகப் பேசுகிறார். உணர்ச்சியோடு பாடுவது என்றால் என்னவென்று அறியாதவர்களின் காதைக் கூசச் செய்வதற்குத்தான் இந்த ஓட்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டன என்பது அவர் கருத்து. அவர் அலங்காரத்தை முற்றிலும் விலக்கவில்லை. எங்கே, எவ்வளவு என்பதை இசையமைப்பாளரே எழுதிவிட வேண்டும் என்றார். அந்த ஒரு மாற்றத்தில்தான் திமினூட்சியோனேயின் முடிவு தொடங்கியது. அதுவரை காகிதத்தில் இருந்தது பாதி இசை. மீதிப் பாதி வாசிப்பவருடையது. பதினேழாம் நூற்றாண்டில் தனிக்குரல் பாட்டும், தாழ்குரல் துணையோடு வந்த வயலின் சொனாட்டாவும் மேலெழுந்தபோது, புகழ்பெற்ற பழைய பல்குரல் பாடலை எடுத்து விரிக்கும் தேவை மங்கியது. 1638-இல் வெனிஸில் பார்த்தோலொமே தெ செல்மா வெளியிட்ட தொகுப்பில் ‘வெஸ்தீவா இ கோல்லி’ இன்னும் இருக்கிறது. அது இவ்வகையின் கடைசி அச்சு உருவங்களில் ஒன்று. சூத்திரங்கள் மட்டும் சாகவில்லை. இத்தாலிய வயலின் சொனாட்டாக்களின் முடிப்புகளில் தல்லா காசாவின் குரோப்போக்கள் நெடுநாள் வாழ்ந்தன.

இருபதாம் நூற்றாண்டில் மீட்சி ஆய்வாளர்களிடமிருந்து தொடங்கியது. எர்ன்ஸ்ட் ஃபெராண்ட், இமோஜின் ஹார்ஸ்லி ஆகியோரின் ஆய்வுகளும், ஹோவர்டு மேயர் பிரவுன் 1976-இல் வெளியிட்ட கையேடும் வழி திறந்தன. ரிச்சர்டு எரிக் 1979-இல் பதிப்பித்த இத்தாலிய அலங்காரத் தொகுப்பு ஒரே பாடலின் பல வடிவங்களை மூலத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தது; ஒப்பிட்டுப் படிப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள நூல் இல்லை. ஜோர்தி சவால் வயோலா ட காம்பாவில் ஓர்த்திஸின் இசையை மேடைக்குக் கொண்டுவந்தார். புரூஸ் டிக்கி கார்னெட்டோவின் வாசிப்பு முறையையே மீட்டெடுத்தவர்களில் முதன்மையானவர்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர் அலங்கார வடிவத்திலிருந்து தொடங்க வேண்டாம். நான்கு பாடகர்கள் எந்த ஓட்டமும் இல்லாமல் பாடும் ரோரேயின் மாட்ரிகலை, மேற்குரல் தானாக வாயில் வரும்வரை கேளுங்கள். அடுத்து பஸ்ஸானோ, அதன்பின் தல்லா காசா, கடைசியில் ரொன்யோனோவின் பாஸ்தார்தா வடிவம் என்ற வரிசையில் போனால் ஒவ்வொருவரும் எதைத் தொட்டார், எதைத் தொடாமல் விட்டார் என்பது தெளிவாகப் புரியும்.